காமோ ஆற்று மேடையில் இருவருக்கான இரவு விருந்து: முன்பதிவிலிருந்து பில் வரை

ஜப்பானின் கியோட்டோவுக்குப் போகத் திட்டமிடும் தம்பதிகள் பலர், காமோ ஆற்றங்கரையில் வரிசையாக விளக்கு எரியும் மரமேடைகளைப் படத்தில் பார்த்துவிட்டு, 'ஒரு நாள் இரவு இங்கே சாப்பிட வேண்டும்' என்று பட்டியலில் எழுதிக்கொள்கிறார்கள். நாங்களும் எழுதிக்கொண்டோம். அதன் பிறகுதான் ஒவ்வொரு சிக்கலாக முளைத்தது. ஒரு கடை தொலைபேசியில் மட்டுமே பதிவு எடுக்கும் என்றது. இன்னொன்றில் கார்டுக்கான ஓ.டி.பி. வரவே இல்லை. என் மனைவி சைவம் என்று எழுதியதும் மூன்றாவது கடை மிகுந்த பணிவோடு கைவிரித்தது. கடைசியில் நன்றாகவே சாப்பிட்டோம், ஆனால் அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எந்த உணவகம் சிறந்தது என்று இங்கே நான் சொல்லப் போவதில்லை. நிஜோ தெருவிலிருந்து கோஜோ தெரு வரை ஆற்றின் மேற்குக் கரையில் ஏறக்குறைய நூறு உணவகங்கள் மேடை போடுகின்றன. அவற்றில் எது என்பதைவிட, பதிவு செய்வதற்கு முன் நீங்கள் கேட்டுத் தெளிவு பெறும் நான்கு விஷயங்கள்தாம் அந்த இரவு எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அவை நான்காம் படியில் இருக்கின்றன. அவசரக்காரர்கள் அங்கே தாவிவிடலாம்.

1. முதலில் மாதம், பிறகு மணி

இந்த மேடைகளுக்கு 'யுகா' என்று பெயர். மே 1 அன்று தொடங்கும். முன்பெல்லாம் செப்டம்பரோடு பிரித்துவிடுவார்கள். அண்மை ஆண்டுகளில் அக்டோபர் வரை நீட்டித்திருக்கிறார்கள், ஆனால் எல்லாக் கடைகளும் அக்டோபரில் போடுவதில்லை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மேடையே இருக்காது. செர்ரிப் பூ பார்க்க ஏப்ரல் முதல் வாரம் போகிறவர்கள் இந்த ஆசையை அப்படியே மறந்துவிடலாம்.

என் தேர்வு மே மாதம் அல்லது செப்டம்பர் பிற்பகுதி. ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அங்கே மழைக்காலம். ஜூலை பாதியில் கியோன் திருவிழாவுக்காக நகரமே நிரம்பி வழியும். ஆகஸ்டில் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். மலைகள் சூழ்ந்த ஊர் என்பதால் இரவிலும் புழுக்கம் இறங்காது. 'ஆற்றங்கரை குளிர்ச்சி' என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதைச் சென்னைக்காரர்கள் அப்படியே நம்ப வேண்டாம். ஆகஸ்ட் 16 இரவு மலைகளில் பெரிய எழுத்து வடிவில் தீ மூட்டும் சடங்கு நடக்கும். அன்று பல கடைகளில் தனி விலை, தனிப் பட்டியல், நெடுநாள் முன்பதிவு. முதல் முறை போகிறவர்களுக்கு அந்தத் தேதி வேண்டாம் என்பேன்.

அடுத்தது மணி. பெரும்பாலான கடைகளில் ஒரு மேசைக்கு இரண்டு மணி நேரம்தான். மாலை 5 அல்லது 5.30க்கு ஒரு சுற்று, 7.30 அல்லது 8க்கு இன்னொரு சுற்று என்று விடுவார்கள். சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்துச் சுற்றைத் தேர்ந்தெடுங்கள். மே தொடக்கத்தில் சுமார் 6.40க்கும், ஜூன் இறுதியில் 7.15க்கும், செப்டம்பர் இறுதியில் 5.45க்கும் மறைகிறது. மே மாதத்தில் 5.30 சுற்றை எடுத்தால் முதல் இரண்டு தட்டுகள் வெளிச்சத்திலும் மீதி விளக்கொளியிலும் கிடைக்கும். படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு அதுவே சரி. கூட்டம் கரைந்த பிறகு நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் இரண்டாவது சுற்று.

2. எந்தப் பகுதி

மேடைகள் வடக்கிலிருந்து தெற்காக நான்கு பகுதிகளாக இருக்கின்றன. நிஜோவுக்கும் சான்ஜோவுக்கும் இடையே மேல் கியாமாச்சி, சற்று அமைதியானது. சான்ஜோவிலிருந்து ஷிஜோ வரை பொந்தோச்சோ, படங்களில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இதுதான். ஷிஜோவை ஒட்டித் தெற்கே ஒரு சிறு பகுதி, அதற்கும் கீழே கோஜோ வரை கீழ் கியாமாச்சி. கீழ்ப் பகுதியில் கடைகளின் இடைவெளி அதிகம், இரைச்சல் குறைவு. இருவராகப் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பொந்தோச்சோவில் பக்கத்து மேசையில் அலுவலகக் கூட்டம் ஒன்று பீர் குடித்துக்கொண்டிருந்தால் உங்கள் தனிமை போயிற்று.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மேடைக்கு நேர் கீழே ஓடுவது பெரிய ஆறு இல்லை. கரையோரமாக மிசோசோகி என்ற சின்ன வாய்க்கால் ஓடுகிறது, மேடையின் கால்களை நாட்டியிருப்பது அதன் மேல்தான். அதைத் தாண்டி நடைபாதை, அதற்கப்பால் ஆறு. தண்ணீருக்கு மேல் ஓர் அடியில் உட்கார வேண்டும் என்பவர்கள் கிபுனேக்குப் போக வேண்டும். தெமாச்சியானகியிலிருந்து எய்சான் ரயிலில் அரை மணி நேரம், கிபுனேகுச்சியில் இறங்கி மலைப்பாதையில் பஸ். அங்கே ஓடையின் மேலேயே பலகை போட்டிருப்பார்கள், உண்மையாகவே குளிரும். ஆனால் இரவில் பஸ் சீக்கிரம் நின்றுவிடுகிறது. உணவகத்தின் வண்டி ரயில் நிலையம் வரை கொண்டுவந்து விடுமா என்று கேட்காமல் அங்கே இரவுச் சாப்பாடு பதிவு செய்யாதீர்கள். மதியத்துக்குக் கிபுனே, இரவுக்குக் காமோ என்று வைத்துக்கொள்வது நல்லது.

3. செலவுக் கணக்கு

வலைத்தளத்தில் போட்டிருக்கும் விலைக்கும் பில்லில் வரும் தொகைக்கும் நடுவே பெரிய பள்ளம் உண்டு. மேடையில் கைசெகி எனப்படும் பல தட்டு விருந்துக்கு ஒருவருக்கு 8,000 யென்னில் தொடங்கி 20,000 வரை போகும், அதற்கு மேலும் உண்டு. இசகாயா எனப்படும் சாதாரண மது உணவகங்களில் 5,000 – 6,000 யென்னில் ஒரு கோர்ஸ், அதாவது முன்பே வகுத்த பல தட்டுச் சாப்பாடு, கிடைக்கும்.

நடுத்தரக் கடை ஒன்றின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 10,000 யென் என்றால் இருவருக்கு 20,000. மேடைக் கட்டணம் தலைக்கு 1,000, ஆக 2,000. ஆளுக்கு இரண்டு கோப்பை பானம், கோப்பை 800 வீதம் 3,200. கூட்டினால் 25,200. சேவைக் கட்டணம் 10 சதவீதம் 2,520. அதன் மேல் நுகர்வு வரி 10 சதவீதம் 2,772. மொத்தம் 30,492 யென். 100 யென்னுக்கு 57 ரூபாய் என்று வைத்தால் பதினேழாயிரத்துச் சொச்சம். இருபதாயிரம் யென் என்று நினைத்துப் போனது முப்பதாயிரம் யென்னாகிறது.

எல்லாக் கடையும் எல்லாவற்றையும் வசூலிப்பதில்லை. சிலவற்றில் மேடைக் கட்டணம் கிடையாது, சிலவற்றில் வரி சேர்த்தே விலை போட்டிருப்பார்கள். சேவைக் கட்டணம் 15 சதவீதம் வாங்குகிற கடையும் உண்டு. டிப்ஸ் மட்டும் எங்கேயும் கிடையாது. மேசையில் காசை வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்து கையில் கொடுப்பார்கள்.

4. பதிவுக்கு முன் கேட்க வேண்டிய நான்கு

முதலாவது, கிடைப்பது மேடை இருக்கைதானா? பதிவுத் தளங்களில் 'ஆற்றுக் காட்சி' என்று போட்டிருப்பது பல நேரம் உள்ளறைக் கண்ணாடி ஜன்னலைக் குறிக்கும். கோர்ஸின் பெயரிலேயே யுகா என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் குறிப்புப் பெட்டியில் 'யுகா செகி', அதாவது மேடை இருக்கை, வேண்டும் என்று எழுதிப் பதில் வாங்குங்கள். மேடையின் விளிம்பில், ஆற்றைப் பார்த்த மேசைக்கு எந்தக் கடையும் உறுதி தராது. கேட்டு வைக்கலாம், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது, மழை பெய்தால்? நல்ல கடைகள் மேடையில் இருப்பவர்களுக்கு உள்ளேயும் இடம் ஒதுக்கி வைத்திருக்கும். மழை வந்தால் தட்டோடு உள்ளே அழைத்துப் போவார்கள். சில கடைகளில் உள்ளே இடம் போதாது. மழையைக் காரணம் காட்டி நீங்கள் ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் பிடிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் உள்ளே இடம் தரத் தயார். புயல் எச்சரிக்கையில் கடையே மூடினால் பிடிக்க மாட்டார்கள். இதை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தரையில் உட்கார வேண்டுமா, நாற்காலியா? பழைய பாணிக் கடைகளில் பாயின் மேல் சிறு மெத்தை, தாழ்ந்த மேசை. இரண்டு மணி நேரம். தரையில் சம்மணமிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் என்று நினைக்கலாம். நாற்பதைத் தாண்டிய முழங்கால் வேறு கதை சொல்லும். கால் தொங்கவிடும் பள்ளம் வைத்த மேசையும் நாற்காலி மேசையும் பல கடைகளில் உண்டு, முன்பே சொல்ல வேண்டும். பக்கத்து மேசையில் புகைக்க அனுமதி உண்டா என்பதையும் இதோடு கேட்டுவிடலாம்.

நான்காவது சாப்பாட்டுக் கட்டுப்பாடு. அது தனிப் படி.

5. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

ஜப்பானியச் சமையலின் அடிநாதம் தாஷி என்கிற சாறு. கொம்பு என்ற கடற்பாசியும், புகையில் உலர்த்திய கட்சுவோ மீனைச் சீவிய சீவலும் சேர்ந்தது. சூப்பில் இருக்கும் என்று யாரும் ஊகித்துவிடுவார்கள். வேகவைத்த கத்தரிக்காயிலும், கீரையிலும், மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பிலும், சில ஊறுகாய்களிலும்கூட இருக்கும். 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் இறைச்சியும் மீன் துண்டும்தான் போகும், சாறு அப்படியே நிற்கும்.

சைவம் என்று எழுத்தில் உறுதி கொடுத்த ஒரு கடையில், என் மனைவிக்குச் சுட்ட மான்கன்ஜி மிளகாய் வந்தது. நீளமான, காரமில்லாத பச்சை மிளகாய். அதன் மேல் மெல்லிய பழுப்புச் சீவல்கள் ஆவியில் நெளிந்துகொண்டிருந்தன. கட்சுவோ சீவல்தான். சொன்னதும் பரிமாறிய பெண் வாயில் கைவைத்து, தட்டை எடுத்துக்கொண்டு ஓடி, வேறு கொண்டுவந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அங்கே அது கறிவேப்பிலை தூவுவதைப் போன்ற கைப்பழக்கம்.

ஆகவே பட்டியல் போட்டு எழுதுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், இறால், நண்டு, சிப்பி வேண்டாம், கட்சுவோ சீவலும் அதன் சாறும் வேண்டாம், கொம்பு அல்லது ஷீதாகே காளான் சாறு போதும், முட்டையும் பாலும் உண்டு அல்லது இல்லை. இதை உங்கள் விடுதி வரவேற்பில் கொடுத்து ஜப்பானிய மொழியில் எழுதி வாங்குங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் பயனில்லை. தனிச் சமையல் செய்ய ஒப்புக்கொள்ளும் கடைகள்கூட மூன்று நாள்களாவது முன்பே தெரிய வேண்டும் என்கின்றன. முடியாது என்று சொல்கிற கடை நேர்மையான கடை. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒப்புக்கொள்ளும் கடை கிடைத்தால் கியோட்டோ சைவக்காரர்களுக்கு வஞ்சனை செய்யாத ஊர். சோயா பாலின் மேல் படியும் ஏட்டை எடுத்துச் செய்யும் யுபா, கோதுமைப் பசையில் செய்யும் நாமா ஃபூ, பந்து போன்ற காமோ கத்தரிக்காயைப் பிளந்து மிசோ என்ற புளித்த சோயா விழுது தடவிச் சுட்டது, தோஃபு என்று தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். வெங்காயம், பூண்டும் சேர்க்காதவர்களுக்கு ஷோஜின் எனப்படும் கோயில் சமையல் பொருந்தும், ஆனால் அது பெரும்பாலும் கோயில்களில் மதிய வேளையில் கிடைப்பது. மதியம் அங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இரவில் மேடை போட்டிருக்கும் இத்தாலிய உணவகத்திலோ காபிக் கடையிலோ எளிமையாக முடித்துக்கொள்வதும் நல்ல வழிதான்.

6. பதிவு செய்யும் முறை

மே மாத மேடைக்கான பதிவைப் பல கடைகள் ஏப்ரலில் திறக்கின்றன. மற்ற மாதங்களுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே பார்க்கத் தொடங்குங்கள். வெள்ளி, சனி இரவுகள் முதலில் போகும். செவ்வாய், புதனில் இரண்டு பேருக்கு இடம் கிடைப்பது எளிது.

வழி மூன்று. கடையின் சொந்தத் தளம் அல்லது டேபிள்செக், தபேலாக் போன்ற பதிவுத் தளம் ஒன்று. விடுதி வரவேற்பு மூலம் தொலைபேசியில் பதிவு செய்வது இரண்டு. நேரில் போய்க் கேட்பது மூன்று, அது வார நாளில் மட்டும் பலிக்கும். தொலைபேசிப் பதிவு மட்டுமே எடுக்கும் கடைகளுக்கு விடுதிதான் துணை. அறை பதிவு செய்த உடனே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், பெரும்பாலான விடுதிகள் செய்து தருகின்றன.

கார்டில் கவனம் தேவை. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 முதல் புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் இணையப் பயன்பாடும் நாமாகத் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். ஊரிலிருந்தே பதிவு செய்துவிட்டால் ஓ.டி.பி. தொல்லை இல்லை. அங்கே போய்ச் செய்வதானால் இந்திய சிம்மில் ரோமிங் இருக்க வேண்டும்.

தொடர்பு எண் இன்னொரு பொறி. சில கடைகள் முதல் நாளோ அன்று மதியமோ அழைத்து உறுதி செய்யும், யாரும் எடுக்காவிட்டால் மேசையை விட்டுவிடவும் கூடும். பயணிகள் வாங்கும் இசிம்கள் பல டேட்டா மட்டும் தருபவை, அழைப்பு வராது. விடுதியின் எண்ணையும் உங்கள் அறைப் பதிவுப் பெயரையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

விசா கைக்கு வரும் முன் பதிவு செய்வதாக இருந்தால், ரத்து விதியை முதலில் படியுங்கள். சில நாள்கள் முன்பு வரை இலவசம், முந்தைய நாள் பாதித் தொகை, அன்றே ரத்து என்றால் முழுத் தொகை என்பது பரவலான முறை. வராமலே இருந்துவிட்டால் கார்டில் முழுத் தொகையும் போய்விடும்.

திருமண நாள் என்றால் பதிவின்போதே எழுதுங்கள். கடைசி இனிப்புத் தட்டில் சாக்லேட்டால் வாழ்த்து எழுதித் தரும் வழக்கம் பல கடைகளில் உண்டு, சிலவற்றில் இலவசம்.

7. கையில் இருக்க வேண்டியவை

அசல் பாஸ்போர்ட். சுற்றுலாப் பயணி எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், விடுதிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். மது அருந்த வயது 20, இளமையாகத் தெரிந்தால் கேட்பார்கள். பதிவு உறுதிக் கடிதம், ஜப்பானிய எழுத்தில் கடையின் பெயரோடு. உணவுக் கட்டுப்பாட்டுத் தாள். சில சிறிய கடைகளில் ரொக்கம் மட்டுமே என்பதால் முழு பில்லுக்கும் போதுமான யென் நோட்டுகள். செவன் இலெவன் கடைகளின் ஏ.டி.எம்.களில் வெளிநாட்டுக் கார்டு வேலை செய்யும்.

உடையில் கட்டுப்பாடு அதிகம் இல்லை. சுத்தமான, ஓட்டையில்லாத காலுறை மட்டும் கட்டாயம், வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். மே மாத இரவில் ஒரு சால்வை தேவைப்படும். கடுமையான சென்ட் வேண்டாம். கை நிறைய வளையல் அணிகிறவர்கள் அன்று குறைத்துக்கொள்ளுங்கள். அரக்குப் பூசிய கிண்ணங்களில் வளையலும் மோதிரமும் உரசினால் கீறல் விழும்.

8. போய்ச் சேருவது

கியோட்டோ நிலையத்திலிருந்து மாலை நேர நகரப் பஸ்ஸில் ஏறாதீர்கள், நெரிசலில் மேசை நேரம் போய்விடும். ஜே.ஆர். நாரா தடத்தில் ஒரே நிறுத்தம், தோஃபுகுஜி. அங்கே கெய்ஹான் ரயிலுக்கு மாறினால் சில நிமிடங்களில் கியோன் ஷிஜோ. பாலத்தைக் கடந்தால் மேற்குக் கரை.

கடையின் நுழைவாயில் ஆற்றுப் பக்கம் இருக்காது. கரையில் நடந்து, மேடையைக் கீழிருந்து பார்த்து, 'இதோ நம் கடை' என்று கண்டுபிடித்தாலும் அங்கிருந்து ஏற வழியில்லை. பின்னால் இருக்கும் சந்திலிருந்துதான் நுழைய வேண்டும். பொந்தோச்சோ சந்தில் கார் வராது. இரண்டு பேர் குடையோடு எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். பெயர்ப் பலகைகள் பெரும்பாலும் ஜப்பானிய எழுத்தில், சிறிதாக. பதினைந்து நிமிடம் முன்பே சந்துக்குள் இருங்கள். தாமதமானால் இரண்டு மணி நேரத்தில் அது கழியும், மிகவும் தாமதமானால் மேசையே போகும்.

9. மேடையில்

சூடான அல்லது குளிர்ந்த ஈரத் துண்டு முதலில் வரும். அது கைக்கு மட்டும், முகத்துக்கு இல்லை. கைசெகியில் தட்டுகள் ஒவ்வொன்றாக, சிறிதாக வரும். சோறு கடைசியில்தான், சூப்போடும் ஊறுகாயோடும். பாதியில் சோறு கேட்காதீர்கள், சாப்பாடு முடிந்தது என்று அடுப்படியில் நினைத்துக்கொள்ள நேரும்.

மூடிய அரக்குக் கிண்ணத்தில் சூப் வரும்போது மூடி திறக்காது. சூட்டில் இறுகியிருக்கும். இழுத்தால் மேலெல்லாம் கொட்டும். இடக் கையால் கிண்ணத்தின் விளிம்பை இரு பக்கமும் மெல்ல அழுத்துங்கள், 'ப்ஸ்' என்று காற்று போய் மூடி தளரும். திறந்ததும் உடனே குடித்துவிடாமல் ஒரு நொடி ஆவியை முகர்ந்து பாருங்கள், யூசு எலுமிச்சைத் தோலின் மணம் அப்போதுதான் கிடைக்கும்.

மீன் உண்பவர்களுக்குக் கோடையில் இரண்டு தட்டுகள் உறுதி. ஒன்று ஹாமோ, விலாங்கு போல நீண்ட கடல் மீன், உடம்பெல்லாம் முள். சுமார் மூன்று சென்டிமீட்டருக்கு 24 வெட்டு என்ற கணக்கில், தோல் அறுபடாமல் சதையையும் முள்ளையும் நறுக்கி, வெந்நீரில் காட்டி எடுப்பார்கள். சதை வெள்ளையாக விரிந்து வரும். புளிப்பான ஊமே பழ விழுதோடு சாப்பிட வேண்டும். இன்னொன்று ஆயு, ஆற்று மீன். நீந்துவது போல வளைத்துக் குத்தி உப்பிட்டுச் சுட்டது. குடலோடு வரும், கசப்பு அதன் சிறப்பு. பிடிக்காதவர்கள் ஒதுக்கி வைத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சாப்பிடும் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் அங்கே சாவுச் சடங்கோடு சேர்ந்தவை. மனைவிக்கு ஒரு துண்டு ஊட்ட ஆசையென்றால் அவர் தட்டில் வையுங்கள். பானத்தை அவரவர் கோப்பையில் அவரவர் ஊற்றிக்கொள்வதில்லை, ஒருவருக்கு மற்றவர் ஊற்ற வேண்டும். இருவராகப் போகிற இரவுக்கு இதைவிட நல்ல வழக்கம் கிடையாது.

கடைசி ஆர்டரை முடிவதற்கு அரை மணி முன்பு கேட்பார்கள். பில் வேண்டுமென்றால் 'ஓகைகெய் ஒனெகாய்ஷிமாஸ்' என்று சொல்லுங்கள். சில இடங்களில் மேசையில், சில இடங்களில் வாசலில் செலுத்த வேண்டும். கார்டு இயந்திரம் ரூபாயில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம், யென்னிலேயே போடுங்கள். ரூபாய் மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

10. இடம் கிடைக்காவிட்டால்

மே, செப்டம்பர், அக்டோபரில் சில கடைகள் மதியமும் மேடையில் பரிமாறுகின்றன. நடுக்கோடையில் உணவு கெடும் என்பதால் மதிய மேடை கிடையாது. மதிய விலை இரவு விலையில் பாதிக்கும் கீழே வருவதுண்டு.

அதுவும் அமையவில்லையென்றால் கடைவீதியில் பெந்தோ எனப்படும் கட்டுச்சாப்பாட்டுப் பெட்டி இரண்டை வாங்கிக்கொண்டு கீழே கரையில் உட்காருங்கள். சான்ஜோ, ஷிஜோ பாலங்களுக்கு நடுவே மாலையில் காதலர்கள் யாரோ அளந்து வைத்ததுபோல் சம இடைவெளியில் அமர்ந்திருப்பார்கள். அந்த ஊரில் அது பிரபலமான வேடிக்கை. நடுவில் புகாமல் வரிசையின் கடைசியில் இடம் பிடியுங்கள். பருந்துகளிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. பின்னாலிருந்து ஓசையில்லாமல் இறங்கி, கையில் இருப்பதைப் பறித்துக்கொண்டு போய்விடும். பெட்டியை மூடியே வைத்து, சுவரையோ மரத்தையோ முதுகுக்கு வைத்து, குனிந்து சாப்பிடுங்கள். இருட்டிய பிறகு அவற்றின் தொல்லை இல்லை.